ஜூன் மாதப் பணத்தை முந்தைய ஜூன் பாதியிலிருந்தே சேர்க்கத் தொடங்குங்கள்

கடலூர் முதுநகரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார்; மீன் விற்ற பணத்தில் ஒரு பங்குதான் அவர் கூலி. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. “சம்பளம் வந்ததும் இவ்வளவு எடுத்துவையுங்கள்” என்று தொடங்கும் சேமிப்பு யோசனைகள் எங்களைப் போன்ற வீடுகளுக்கு உதவுவதில்லை. எங்களுக்கு ஏது மாதச் சம்பளம்? பருவம்தான் உண்டு.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக் கட்டணம், நோட்டு, சீருடை, காலணி எல்லாம் வரிசைகட்டி வருவதும் அதே ஜூனில்தான். மே கடைசியில் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போவது இதனால்தான்.

முதலில் போன ஜூனில் பிள்ளைகளுக்கு ஆன செலவை ஒரு தாளில் எழுதுங்கள். 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பன்னிரண்டால் வகுக்காதீர்கள். தடைக்காலத்தையும், புயல் எச்சரிக்கையில் படகுகள் கரையில் கிடக்கும் ஐப்பசி, கார்த்திகையையும் கழித்தால் காசு புழங்கும் மாதங்கள் எட்டுதான். ஆக, மாதம் 3,000. பங்கு பிரித்த அன்றைக்கே, மளிகைக் கடன் கொடுப்பதற்கும் முன்னால், அதைத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள். அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். அட்டை வாங்க வேண்டாம். இந்தப் பணத்தைத் தெருச் சீட்டில் போடவே போடாதீர்கள். சீட்டு பிடிப்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி.

கல்லூரிக்கான பணம் வேறு. அதற்கு வருமானம் ஏறி இறங்கினாலும் தாங்கும் திட்டமாகப் பாருங்கள். அஞ்சலக ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில், ஒரு மாதம் தவறினால் 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். தொடர்ந்து தவறினால் கணக்கே நின்றுபோகும். ஆர்.டி.தான் வேண்டுமென்றால், மீன் நன்றாகப் படும் மாதங்களில் வரப்போகும் தவணைகளையும் முன்கூட்டியே கட்டிவிடலாம். அதற்கு இடம் உண்டு.

பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம்தான் என் முதல் தேர்வு. பத்து வயது நிறைவதற்குள் கணக்கு தொடங்கிவிட வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். எந்த மாதம், எத்தனை முறை கட்டுவது என்பது நம் விருப்பம். 15 ஆண்டுகள் கட்டினால் போதும். மகள் பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ 18 வயதிலோ மேற்படிப்புக்காகப் பாதித் தொகை வரை எடுக்கலாம். மகனுக்கு பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு. எட்டு வயதில் தொடங்கினால் முழுத் தொகை வர 23, 24 வயதாகிவிடும். ஆனால் ஏழாம் ஆண்டிலிருந்து ஒரு பகுதியை எடுக்க முடியும் என்பதால் கல்லூரிச் சேர்க்கைக்கு உதவும்.

கடலுக்குப் போகிறவர் வீட்டில் இன்னொன்றைத் தள்ளிப்போடவே கூடாது. பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 436 ரூபாய், சுரக்‌ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய். ஒவ்வொன்றிலும் காப்பீட்டுத் தொகை இரண்டு லட்சம். வங்கி இந்தத் தொகையைப் பிடிப்பது மே கடைசியில், அதாவது கணக்கு வறண்டு கிடக்கும் நேரத்தில். 456 ரூபாயை ஏப்ரலிலேயே போட்டுவையுங்கள். அவர் இல்லாமல் போனாலும் பிள்ளைகளின் படிப்பு நிற்கக் கூடாது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அது சரியாக இருக்கும். கட்டணத்துக்கு அதை நம்ப வேண்டாம். கல்லூரிச் சேர்க்கையில் கேட்கும் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் பிளஸ் டூ தேர்வு முடிந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். தேர்வு முடிவு வந்தபின் போனால் அங்கே நிற்க இடம் இருக்காது.