மடித்த கூரைக்கு உறை: காரின் பெயரைச் சொல்லி வாங்கிவிடாதீர்கள்

அக்கா மகள் கல்யாணத்துக்கு என் 1973 எம்.ஜி.பி.யைக் கேட்டார்கள். இரண்டே இருக்கை, திறந்த கார், மாப்பிள்ளையே ஓட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. காரைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தினேன். பார்க்க வந்த கல்யாணப் பெண் ஒரு சுற்று சுற்றிவிட்டு, “மாமா, பின்னாடி அந்த மூட்டையை எதையாவது போட்டு மூடுங்க” என்றாள். மூட்டை என்று அவள் சொன்னது மடித்துப் போட்ட துணிக் கூரையை. இரும்புச் சட்டமும் கசங்கிய ரெக்சினுமாக, எடுக்கிற ஒவ்வொரு போட்டோவிலும் மணமக்களின் தோளுக்குப் பின்னால் அதுதான் எட்டிப் பார்க்கும்.

உறை வாங்குவது சின்ன வேலை என்று நினைத்தேன். கடல் கடந்து வந்த பார்சலைப் பிரித்தால், இருக்கைகளையும் சேர்த்து மூடும் பெரிய விரிப்பு இருந்தது. அதில் ஸ்டீயரிங்குக்கென்று தைத்திருந்த புடைப்பு இடது பக்கம். தென்னாப்பிரிக்காவில் நாம் ஓட்டுவது வலது பக்கம் உட்கார்ந்து! ஒரே பார்சலில் இரண்டு தவறு. இரண்டும் என்னுடையவை.

முதல் தவறு பெயரில். கடையில் டானோ கவர் என்றால் இருக்கைப் பகுதி முழுவதையும் மூடும் விரிப்பு. ஓட்டுநர் பக்கம் மட்டும் திறக்க நடுவில் ஜிப் இருக்கும். மடித்த கூரையை மட்டும் மூடுவதை பிரிட்டிஷ்காரர்கள் ஹூட் கவர் என்பார்கள், அமெரிக்கர்கள் பூட் கவர் என்பார்கள். சிக்கல் இங்கேதான். அமெரிக்கர்களுக்கு ஹூட் என்றால் பானெட். நமக்கு பூட் என்றால் டிக்கி. டர்பனில் உட்கார்ந்துகொண்டு பூட் கவர் என்று தேடினால் நாயை ஏற்றிப்போக டிக்கிக்குள் விரிக்கும் பாய் வரும். டானோ என்று தேடினால் பாக்கி எனப்படும் பிக்கப் வண்டியின் பின்தொட்டி மூடிதான் பக்கம் பக்கமாக வரும். எந்த நாட்டுக் கடையோ அந்த நாட்டுப் பெயரில் கேளுங்கள். கடைக்காரரிடம் “கூரை மடித்த பிறகு அதை மட்டும் மூடுவது” என்று ஒரு வரி கூடுதலாகச் சொல்லிவிடுங்கள். வலது பக்க ஸ்டீயரிங் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஹூட் கவருக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது, ஆனால் தவறான பொருளை அனுப்புகிறார்களா என்பது அந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே தெரிந்துவிடும்.

உறையே தேவைப்படாத கார்களும் உண்டு. 1971 முதல் 1989 வரை வந்த மெர்சிடிஸ் 107 எஸ்.எல்., ட்ரையம்ஃப் ஸ்டாக் போன்றவற்றில் கூரை ஓர் உலோக மூடிக்குள் போய்விடும். அவற்றுக்கு உறை தேடுவது பூட்டிய பெட்டிக்குப் போர்வை தேடுவது மாதிரி.

அந்த இரண்டும் போக இன்னொரு தவறு உண்டு, அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். காரின் பெயரையும் ஆண்டையும் சொன்னால் உறை பொருந்திவிடும் என்ற நம்பிக்கை. எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை வந்தது. ஆரம்ப காலக் கார்களில் இரண்டு வகைக் கூரை உண்டு. ஒன்றில் சட்டத்தையும் துணியையும் தனித்தனியாகக் கழற்றி டிக்கியில் வைத்துவிடலாம், பின்னால் மூடுவதற்கு எதுவும் மிஞ்சாது. மற்றதில் எல்லாம் இருக்கைக்குப் பின்னால் மடிந்து கிடக்கும். 1970-71 வாக்கில் சட்டத்தின் அமைப்பே மாறியது. போதாததற்கு இந்த ஐம்பது ஆண்டுகளில் யார் யாரோ கூரையை மாற்றியிருப்பார்கள். 1973 கார் என்பதால் 1973 கூரைதான் மேலே இருக்கிறது என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கேப்ரியோலே வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். அதன் கூரையில் வெளித்துணி, நடுவில் திணிப்பு, உள்ளே இன்னொரு துணி என்று அடுக்கடுக்காக இருக்கும். மடித்தால் பின்னால் ஒரு குன்றே எழுந்து நிற்கும். புதுக் கூரை போடும்போது திணிப்பைத் தடிமனாகவோ மெல்லியதாகவோ வைத்தால் அந்தக் குன்றின் உயரம் மாறும், பழைய உறை பொருந்தாது. மாஸ்டா எம்.எக்ஸ்.-5 முதல் தலைமுறையில் பிளாஸ்டிக் ஜன்னலை ஜிப் கழற்றிப் படுக்கவைத்த பிறகுதான் கூரையை மடிப்பார்கள். அதே காரில் கண்ணாடி ஜன்னல் வைத்த கூரையை மாட்டியிருந்தால் மடிந்து கிடக்கும் உருவம் வேறு. ஆகவே கூரை கிழிந்திருந்தால் முதலில் கூரை, அப்புறம்தான் உறை. வரிசையை மாற்றினால் இரண்டு முறை செலவு.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் கார் இருக்கை தைக்கும் ஒரு பெரியவரிடம் கடைசியில் போனேன். “அண்ணே, எம்.ஜி.பி.க்கு ஓர் உறை” என்றேன். “தம்பி, எனக்கு எம்.ஜி.பி. வேணாம். மடிச்சுக் காட்டு” என்றார். மடித்தேன். பார்த்துவிட்டு, “பிரி. இப்ப நான் மடிக்கிறேன்” என்றார். சட்டக் கம்பிகளுக்கு நடுவே சிக்கிய ரெக்சினை ஒவ்வொரு மடிப்பாகப் பின்னால் இழுத்துவிட்டு, ஜன்னல் பிளாஸ்டிக்கின் மேல் பழைய ஃப்ளானல் துணியை விரித்துப் படுக்கவைத்தார். என் மூட்டை இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. இணையத்தில் வாங்குகிறவர்கள் இதைத்தான் செய்வதில்லை. கூரையை ஒழுங்காக மடியுங்கள், பிரித்து மறுபடி மடியுங்கள், ஒவ்வொரு முறையும் அளந்து கூடுதல் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டியவை: உச்சியின் வழியாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அகலம், இருக்கையின் முதுகிலிருந்து பின் விளிம்பு வரை வளைவோடு நீளம், உயரம், காரின் உடலில் உள்ள ஒவ்வொரு பட்டனுக்கும் அடுத்ததற்கும் இடையிலான தூரம். பழைய படுக்கை விரிப்பைப் போட்டுச் சாக்பீஸால் கோடிழுத்து வைத்தால் தைப்பவர் உங்களைக் கும்பிடுவார்.

துணியில் பலர் மோஹேர் என்ற பெயரில் மயங்குகிறார்கள். மோஹேர் என்பது அங்கோரா ஆட்டின் ரோமம். அந்த ஆடுகள் 1838-இல் இந்த நாட்டுக்கு வந்தன, உலகில் மிக அதிகமாக மோஹேர் விளைவதும் நம் கரூ வறண்ட நிலத்தில்தான். ஆனால் இன்று கார்க் கூரைக்கு மோஹேர் என்று விற்கும் துணியில் ஆட்டு ரோமம் இருக்காது. வெளியே அக்ரிலிக், நடுவில் ரப்பர், உள்ளே பருத்தி அல்லது பாலியஸ்டர். நல்ல துணிதான், பெயர்தான் பழசு. கூரை ரெக்சின் என்றால் உறையும் ரெக்சினாகவே இருப்பது கண்ணுக்கு நல்லது. வெயிலில் வெளுத்த கூரையின் நிறத்துக்குப் புது உறை ஒத்துப்போகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

துணியைவிட நூலைக் கேளுங்கள். பருத்தி நூல் வெயிலிலும் ஈரத்திலும் இற்றுப்போகும். துணி புதிதாகவே இருக்கும், தையல் பிரிந்துவிடும். வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூல் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ரெக்சின் குளிரில் சுருங்கும், சூட்டில் இளகும். டர்பனின் ஜனவரி வெயிலில் விறைப்பாக இழுத்துப் பட்டன் அடித்த உறையை ஜூலைக் காலையில் ஜோகன்னஸ்பர்க்குக்குக் கொண்டுபோனால், கடைசிப் பட்டன் எட்டாது. எட்டாததை இழுத்தால் துணி கிழியும். மிதமான வெயிலில் ஒரு மணி நேரம் விரித்து வைத்துவிட்டு, நடுவிலிருந்து தொடங்கி இரு கோடிகளுக்கும் போய்ப் பட்டன் வைப்பதுதான் சரி. தொளதொளவென்று விட்டாலும் ஆபத்து: வேகத்தில் படபடத்து, அடியில் சிக்கிய மணலோடு பெயின்டைத் தேய்த்துவிடும்.

பட்டனும் ஒரே வகை இல்லை. சாதாரண டிச் பட்டன் உண்டு, தலையைப் பிடித்து மேலே இழுக்கும் டெனாக்ஸ் உண்டு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் திறக்கும் லிஃப்ட்-தி-டாட் உண்டு. கடைசி வகையைத் தப்பான பக்கத்திலிருந்து பிடுங்கினால் துணி பட்டனோடு கையில் வரும். காரில் ஏற்கெனவே இருப்பது எதுவோ அதையே உறையிலும் கேளுங்கள். பொருந்தவில்லை என்று உடலில் புது ஓட்டை போடுவதைக் கடைசி வழியாக வையுங்கள். நம் கடற்காற்றில் பெயின்ட் இல்லாத ஓட்டை ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் விலையில் 15 சதவீத வாட் வரியைக் கூட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். கணக்கு அப்படியில்லை. பொருளின் மதிப்போடு முதலில் 10 சதவீதம் சேர்ப்பார்கள், அதற்கு மேல் சுங்கத் தீர்வை, அந்த மொத்தத்துக்குத்தான் 15 சதவீதம். கூரியர்காரரின் கட்டணம் தனி. நான் கட்டியதில் உள்ளூரிலேயே இரண்டு உறை தைத்திருக்கலாம்.

உறை வந்த பிறகு செய்யும் தவறு ஒன்று உண்டு. ஈரக் கூரையை மடித்து, மேலே உறையையும் மாட்டி, அப்படியே மறந்துவிடுவது. டர்பன் புழுக்கத்தில் சில நாளிலேயே பூஞ்சை வாடை வரும். காய்ந்த கூரையானாலும் வாரக்கணக்கில் மடித்தே வைத்தால் சுருங்கிப்போய் முன்கண்ணாடிச் சட்டத்தில் கொக்கி எட்டாது. வண்டி ஷெட்டில் நிற்கும் நாட்களில் கூரை மேலேதான் இருக்க வேண்டும். அப்போது உறையை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் குழாயில் சுருட்டி டிக்கியில் வையுங்கள். என்னுடையது அக்கா மகள் கல்யாணப் பூச்சரத்தின் காவிக் கறையோடு அங்கேதான் கிடக்கிறது.