பெயர் பறிபோன ஓவியரைப் பற்றித் திரைக்கதை எழுதுவது எப்படி

"வரைந்தது அவள், பெயர் வாங்கியது அவன்." இந்த ஒரு வரியைக் கேட்டதும் இதில் ஒரு படம் இருக்கிறது என்று தோன்றிவிடும், ஆனால் எழுத உட்கார்ந்தால் இருபதாவது பக்கத்தில் வண்டி நின்றுவிடும். அந்த வரியில் அநியாயம் மட்டும்தான் இருக்கிறது, கதை இன்னும் வரவில்லை. எந்த இடத்தில், யார் முன்னால், என்ன சொல்லிப் பெயர் போனது, அவள் அப்போது ஏன் வாயைத் திறக்கவில்லை, மறுநாள் காலையில் எப்படி எழுந்து மறுபடியும் தூரிகையை எடுத்தாள் என்பதையெல்லாம் கண்டுபிடித்தால்தான் எழுத முடியும். இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான உதாரணம் அமெரிக்க ஓவியர் மார்கரெட் கீன். பெரிய பெரிய கண்களோடு சோகமாகப் பார்க்கும் குழந்தைகளை வரைந்தவர். 2014-இல் டிம் பர்ட்டன் இதை 'பிக் ஐஸ்' என்று படமாக எடுத்தார், ஏமி ஆடம்ஸ் நடித்தார். நீங்கள் எழுதப்போவது வேறு யாரைப் பற்றியதாகவும் இருக்கட்டும், இந்த வாழ்க்கையை முன்னால் வைத்துப் பழகலாம். படத்தை மட்டும் உங்கள் முதல் டிராஃப்ட் முடிந்த பிறகு பாருங்கள், இல்லாவிட்டால் எல்லா சீனும் அதைப் போலவே வந்து விழும்.

முதல் வேலை, உங்கள் கையில் இருப்பது எந்த வகைத் திருட்டு என்று பார்ப்பது. 1660-இல் இறந்த டச்சு ஓவியர் ஜூடித் லெய்ஸ்டரின் படங்கள் வெகுகாலம் பிரான்ஸ் ஹால்ஸ் என்ற இன்னொரு டச்சு ஓவியர் வரைந்தவையாகவே கருதப்பட்டன. 1893-இல் ஒரு ஆய்வாளர், முதலெழுத்துகளோடு ஒரு நட்சத்திரம் சேர்ந்த அவருடைய முத்திரையை அடையாளம் கண்ட பிறகுதான் உண்மை வெளியே வந்தது. நாயகி போய்ச் சேர்ந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் அது துப்பறியும் கதையாகத்தான் நிற்கும். பிரான்ஸில் எழுத்தாளர் கொலெட் எழுதிய முதல் நாவல்கள் கணவர் வில்லியின் பெயரில் வந்தன, அதில் வாசகருக்கு மனைவியின் முகமே தெரிய வேண்டியதில்லை. கீன் கதை வேறு மாதிரி. கணவர் மக்கள் முன்னால் நின்று "நான்தான் வரைந்தேன்" என்று சொல்லி விற்கிறார், மனைவி அதே அறையில் உட்கார்ந்திருக்கிறார். நாடகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் காலக்கோடு. ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள், ஒன்றில் அவள் சொல்வது, மற்றதில் அவன் சொல்வது. நடுவில் பத்திரிகையிலும் கோர்ட்டிலும் பதிவானதை மட்டும் எழுதுங்கள். கீன் விஷயத்தில் நடுப்பத்தி இப்படி வரும்: 1955-இல் வால்டர் கீனோடு திருமணம், 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சி ஓவியத்தால் வந்த அவமானம், அதே வருடம் பிரிவு, 1965-இல் விவாகரத்து, 1970-இல் "வரைந்தது நான்தான்" என்று ரேடியோவில் அறிவிப்பு, 1986-இல் ஹொனலுலுவில் வழக்கு, 1990-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு. அவள் பத்தியில், இரண்டு வயதில் காதில் நடந்த அறுவை சிகிச்சையால் கேட்கும் திறன் குறைந்து, பேசுபவர்களின் கண்களை உற்றுப் பார்க்கப் பழகிய குழந்தை வரும். அவன் பத்தியில், போருக்குப் பிந்தைய பெர்லினில் பசியோடு அலைந்த குழந்தைகளைப் பார்த்து மனம் உடைந்து வரைய ஆரம்பித்த இளைஞன் வருவான். கவனித்தீர்களா, பொய்தான் இரண்டில் விறுவிறுப்பான கதை! அதைக் கேலியாக எழுதிவிடாதீர்கள். வால்டர் அதைச் சொல்லும்போது தியேட்டரில் இருப்பவர்களும் ஒரு நிமிடமாவது நம்ப வேண்டும், அப்போதுதான் ஊரே ஏன் நம்பியது என்பது புரியும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம், பெயர் எப்படிப் போகிறது என்பதற்கு. பெரும்பாலான டிராஃப்டுகளில் இது ஒரே சீனில் நடக்கும், வில்லன் கையெழுத்தை மாற்றுவான், இடி இடிக்கும். நிஜத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஓவியத்தின் மூலையில் 'கீன்' என்று மட்டும் இருந்தது. கல்யாணம் ஆனதால் அது அவருடைய பெயரும்தான், அவர் கணவருடைய பெயரும்தான். பாருங்கள், மோசடிக்கான வாசல் சட்டப்படி, சடங்குப்படி, எல்லோரும் வாழ்த்தி அட்சதை போடுவதைப் போலத் திறந்துகொண்டது. உங்கள் கதையிலும் இப்படி ஒரு பொருள் இருக்கும், கையெழுத்தோ ரசீதோ விசிட்டிங் கார்டோ. அதை ஆரம்பத்திலேயே சும்மா ஒரு ஓரத்தில் காட்டிவிடுங்கள். மார்கரெட் பிற்பாடு வேறு பாணியில், நீண்ட கழுத்துப் பெண்களை வரைந்தபோது தன் முதலெழுத்துகளைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார் என்பதும் உங்களுக்கு உதவும்.

சான் பிரான்சிஸ்கோவில் 'ஹங்ரி ஐ' என்று ஒரு கிளப். அங்கே வால்டர் ஓவியங்களை மாட்டி விற்பார். ஒருநாள் மார்கரெட்டும் கூடப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார், யாரோ ஒருவர் வந்து "நீங்களும் வரைவீர்களா?" என்று கேட்கிறார். அந்த 'நீங்களும்' போதும், அதற்கு மேல் வசனம் வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் சண்டை. வால்டர் சொன்ன காரணங்களை மார்கரெட் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: ஓவியரிடமிருந்தே வாங்குகிறோம் என்றால்தான் ஜனங்கள் காசு கொடுப்பார்கள், நமக்குப் பணம் வேண்டும், இப்போது போய் மாற்றிச் சொன்னால் வழக்குப் போடுவார்கள். ஒவ்வொன்றும் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால் ஒரே பெரிய சம்மதத்தை எழுதாமல் அதைச் சின்னச் சின்னதாக உடையுங்கள். முதலில் பேசாமல் இருக்கச் சம்மதிக்கிறாள், பிறகு கேட்டால் தலையாட்ட, பிறகு தன் வாயாலேயே "அவர் வரைந்தது" என்று சொல்ல, கடைசியில் பெற்ற மகளிடமும் அதையே சொல்ல. மகள் ஜேன் வீட்டிலேயே இருக்க, அம்மா பூட்டிய அறைக்குள், திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வரைந்தார். வால்டர் வெளியே போனால் மணிக்கொரு தடவை போன் செய்து ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று பார்ப்பாராம். அந்த போன் மணியை வைத்தே படத்தின் பாதி சத்தத்தை அமைத்துவிடலாம்.

"இவள் ஏன் ஓடிப்போகவில்லை?" என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். நண்பர்கள் கதையைப் படித்துவிட்டு இதைத்தான் முதலில் கேட்பார்கள், நீங்களும் பதறிப்போய் அவளுக்கு ஒரு நீளமான வசனம் எழுதிவிடுவீர்கள். வேண்டாம். ஏற்கெனவே ஒரு கல்யாணம் முறிந்தவர், கையில் ஒரு குழந்தை, 1950கள், கொலைமிரட்டல் வரை போன ஒரு கணவர். இதைக் காட்டினால் போதும், விளக்க வேண்டியதில்லை.

வால்டரை வெறும் ராட்சசனாக எழுதுவது சோம்பேறித்தனம். அவருக்கு நிஜமான திறமை ஒன்று இருந்தது, விற்கிற திறமை. ஓவியம் வாங்கக் காசில்லாதவர்களுக்கு மலிவான பிரிண்டும் போஸ்டரும் போட்டு சூப்பர் மார்க்கெட், பெட்ரோல் பங்க் வரை கொண்டுபோனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு, அந்தப் பெயரை அவருக்கே கொடுத்துவிடுங்கள், எதையும் மறைக்காத படமாக இருக்கும். இன்னொன்று, அவர் தானும் அந்தக் கண்களை வரையக் கற்றுக்கொள்ளப் பார்த்திருக்கிறார், வரவில்லை, சரியாகச் சொல்லித்தரவில்லை என்று மனைவி மேலேயே கோபப்பட்டிருக்கிறார். சிரிப்பும் பயமும் ஒன்றாக வரும் சீன் அது. வில்லனுக்கு நீங்கள் எழுதும் மிகச் சிறந்த சீன் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அவள் கலை உசத்தியானது என்று நிரூபிக்கும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கீன் ஓவியங்களை விமர்சகர்கள் பலருக்குப் பிடிக்கவே இல்லை. பாப் ஆர்ட் ஓவியர் ஆண்டி வார்ஹோல் மாதிரி ஓரிருவர்தான், இவ்வளவு பேருக்குப் பிடிக்கிறதென்றால் நன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று பாராட்டினார்கள். 1964 கண்காட்சிக்கென்று வரைந்த படத்தில் சுமார் நூறு குழந்தைகள். நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஜான் கேனடே, நூறு குழந்தைகள் இருப்பதால் இது சாதாரண கீன் ஓவியத்தைவிட நூறு மடங்கு மோசம் என்று கிழித்துவிட்டார், படம் கண்காட்சியிலிருந்து எடுக்கப்பட்டது. இப்போது மார்கரெட்டின் இடத்தில் நின்று பாருங்கள். பேப்பரில் திட்டு வாங்குவது வால்டர். வரைந்தவருக்குப் பாராட்டும் வரவில்லை, அந்தத் திட்டுகூடத் தன் பெயருக்கு வரவில்லை, கோபப்படவும் உரிமை இல்லை. இந்த இடத்தில் இடைவேளை விடலாம் என்பேன். நல்ல ஓவியமோ மோசமான ஓவியமோ, வரைந்தவர் பெயர் வரைந்தவருக்குத்தான் என்பதைப் பார்ப்பவர் தானாகவே உணர்ந்துகொள்வார்.

உண்மையைச் சொல்லும் இடத்தில் திடீரென்று வீராங்கனை ஆக்கிவிடாதீர்கள். மார்கரெட் பிரிந்துபோனது 1964-இல், பொதுவில் வாய் திறந்தது 1970-இல். நடுவில் ஹவாய், புது வாழ்க்கை, மறுமணம். யெகோவாவின் சாட்சிகள் சபையில் சேர்ந்தது தன்னை நிமிர்த்தியது என்று அவரே சொல்லியிருக்கிறார். மத விஷயம் வந்தாலே வெட்டிவிடுவது நம் எழுத்தாளர்களின் பழக்கம், இங்கே வெட்டினால் பாத்திரத்தின் முதுகெலும்பே போய்விடும்.

இனி கோர்ட். பொதுவாக இங்கேதான் எல்லோரும் வசன மழை பொழிவார்கள். வால்டர் மேல் மார்கரெட் போட்ட அவதூறு வழக்கில், 1986-இல் நீதிபதி இருவரையும் ஜூரி முன்னால் வரையச் சொன்னார். வால்டர் தோள் வலி என்று ஒதுங்கிக்கொண்டார். மார்கரெட் 53 நிமிடத்தில் ஒரு முகத்தை வரைந்து முடித்தார். இதை எழுதும்போது வசனத்தை முழுசாக நிறுத்திவிடுங்கள். வெற்று பலகை, முதல் கோடு, எங்கே கண் வரப்போகிறது என்று தெரியாத ஜூரியின் முகங்கள், நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கும் வால்டர் (இது என் கற்பனை, உங்களுக்கும் இப்படிச் சின்னக் கற்பனைகளுக்கு இடமிருக்கிறது, ஆனால் தீர்ப்பு, தேதி, தொகை இவற்றில் கை வைக்கக் கூடாது). 1970-இலும் சான் பிரான்சிஸ்கோ யூனியன் ஸ்கொயரில் இதேபோல ஒரு போட்டிக்கு ஏற்பாடு நடந்து வால்டர் வரவே இல்லை. இரண்டையும் வைத்தால் இரண்டாவது சப்பென்று ஆகிவிடும், ஒன்றை எடுங்கள், நானாக இருந்தால் கோர்ட்டை எடுப்பேன்.

சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு பக்கம்கூட வெளியே அனுப்பாதீர்கள். 'பிக் ஐஸ்' எடுக்கும்போது மார்கரெட் உயிரோடுதான் இருந்தார், ஒரு சீனில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டி அவரேதான். 2022-இல் தான் காலமானார், 94 வயது.

கடைசியில் திரையில் வரும் எழுத்துகளில் வெற்றியை மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள். ஜூரி 40 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது, 1990-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவதூறு நடந்ததை ஏற்றுக்கொண்டு தொகையை ரத்து செய்தது. வால்டர் 2000-இல் இறந்தார், கடைசிவரை வரைந்தது நான்தான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இந்த இரண்டையும் போடுங்கள். தயாரிப்பாளர் இரண்டாவதை எடுக்கச் சொல்வார், கொஞ்சம் சண்டை போட்டாவது வைத்துக்கொள்ளுங்கள்.