மாம்பழப் போட்டோ 18 எம்பி, லோகோவைச் சுற்றிக் கறை

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் இணையதளம். முகப்பு திறக்கவே இழுத்தது. பெங்களூரா மாங்காய்க் குவியலின் போட்டோ பிஎன்ஜி (PNG) என்ற பட வடிவத்தில் 18 எம்பி-யாகக் கிடந்ததுதான் காரணம். பிஎன்ஜி ஒரு புள்ளியையும் விடாமல் அப்படியே காக்கும். போட்டோவிலோ பக்கத்துப் பக்கத்துப் புள்ளியே வேறு நிறம், அதனால் அதிகம் சுருங்காது. 4000 பிக்சல் அகலத்தை 1200 ஆக்கி, நுண் விவரங்களை விட்டுச் சுருக்கும் ஜேபெக் (JPEG) வடிவத்தில் தரம் 80 வைத்துச் சேமித்தேன். 200 கேபி-க்குள் அடங்கியது. வெப்பி (WebP) என்ற புது வடிவம் என்றால் இன்னும் குறையும்.

லோகோவில் கதை தலைகீழ், அது ஜேபெக். 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் எழுத்தோரமெல்லாம் கொசு மொய்த்த மாதிரி கறை. ஜேபெக்கில் பின்னணியை ஒளி ஊடுருவும்படி வைக்க முடியாது என்பதால் பச்சைப் பட்டை மேல் வெள்ளைப் பெட்டி வேறு. இதை பிஎன்ஜி-யாக மாற்றினால் கறையும் கூடவே வரும்; ஃபைல் பெயரின் வாலை மட்டும் திருத்துவது மாற்றமே இல்லை.

ஃப்ளெக்ஸ் அடித்த கடையில் மூல ஃபைலை வாங்கி, புள்ளிகளுக்குப் பதில் கோடுகளாகப் படத்தைச் சேமிக்கும் எஸ்விஜி (SVG) ஆக்கினேன். செல்போனில் தமிழ்ப் பெயர் ஆங்கிலக் கிறுக்கலாக வந்தது! காரணம், யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு; அது செல்போனில் இல்லை. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்தபின் எழுத்து வெறும் கோட்டு வடிவமானது, எழுத்துருவே தேவைப்படவில்லை.

படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கினால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்; போட்டோவாக அனுப்பினால் அதுவும் சுருக்கிவிடும்.