கிராம சபையில் பேசினால் போதாது, பதிவேட்டில் ஏற்ற வேண்டும்

ஏரிக்கரையில் கோழிக்கழிவையும் பிளாஸ்டிக்கையும் கொட்டி எரிக்கிறார்கள் என்று ஓர் அக்டோபர் 2 கிராம சபையில் நாங்கள் ஒரு மணி நேரம் பேசினோம். பெண்கள்தான் அதிகம் பேசினார்கள், புகையில் குழந்தைகளுக்கு மூச்சு இரைப்பதை எல்லாம் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்துத் தீர்மான நகலை வாங்கிப் பார்த்தால் "ஊரின் சுகாதாரம் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஒரே ஒரு வரி இருந்தது. ஏரி என்ற சொல்லே இல்லை. அன்றைக்குத் தெரியாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சில நேரம் தேதி தள்ளிப்போகும், அதனால் ஒரு வாரம் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் இடத்தையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் சபையின் உறுப்பினர். யாரும் உங்களை அழைக்க வேண்டியதில்லை. வேலைக்காகச் சென்னையில் இருந்தாலும் ஓட்டு ஊரில் இருந்தால் வரலாம், பேசலாம், கையெழுத்துப் போடலாம். பட்டியலில் பெயர் விட்டுப்போயிருந்தால் முதலில் படிவம் 6 கொடுத்துச் சேருங்கள். வேறு ஊரிலிருந்து மாறி வந்தவர்களுக்குப் படிவம் 8.

அடுத்தது ஆள் கணக்கு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். ஆள் குறைந்தால் கூட்டம் செல்லாது என்று பின்னால் யாராவது கிளப்புவார்கள், ஆகவே தெருத் தெருவாகச் சொல்லிக் கூட்டி வாருங்கள், வருகிற எல்லோரும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்களா என்றும் பாருங்கள்.

இனி முக்கியமான வேலை, தீர்மானத்தை நீங்களே வீட்டில் எழுதிக்கொண்டு போவது. "ஏரியைக் காப்பாற்ற வேண்டும்" என்று எழுதினால் எந்த அதிகாரிக்கும் அதில் வேலை இல்லை. எந்த ஏரி, சர்வே எண் என்ன, அது யார் பொறுப்பில் இருக்கிறது, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும், இவ்வளவும் வேண்டும். சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம், நில விவரங்கள் உள்ள அ-பதிவேட்டை அரசின் இணையதளத்திலும் பார்க்கலாம். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத் துறையுடையது, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. இது தெரியாமல் தவறான அலுவலகத்துக்கு மனு போட்டு நாங்கள் ஒரு மழைக்காலத்தையே இழந்தோம்.

இப்படி எழுதலாம்: "சர்வே எண் இன்னதில் உள்ள பெரிய ஏரியின் வடகரையில் குப்பை கொட்டுவதையும் எரிப்பதையும் தடுக்க, ஊராட்சி 30 நாட்களுக்குள் அங்கே தடுப்பும் அறிவிப்புப் பலகையும் வைக்க வேண்டும் என்றும், கொட்டுகிறவர்களுக்கு அபராதம் விதிக்க வேண்டும் என்றும், எல்லையை அளந்து கல் நடும்படி வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்வது என்றும் இச்சபை தீர்மானிக்கிறது." இரண்டு பிரதி எடுத்து, கூட்டத்துக்கு முன்பே ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கூட்டத்தில் நிதானமாகப் படியுங்கள். "எழுதிக்கொள்கிறோம், அப்புறம் பார்க்கலாம்" என்றால் உட்கார வேண்டாம், இப்போதே எழுதி வாசித்துக் காட்டுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். தீர்மானப் பதிவேட்டில் வெற்றுப் பக்கத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் போடவே கூடாது. நாங்கள் ஏமாந்தது அங்கேதான். எழுதி முடித்த பிறகு, கடைசி வரிக்குக் கீழே இடைவெளி விடாமல் கையெழுத்துப் போடுங்கள், அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நகல். கேட்டும் தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி விண்ணப்பம் போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். நகல் கிடைத்ததும் ஒரு மனுவோடு சேர்த்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள்.

ஒரு தாளால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு அரிட்டாபட்டியைச் சொல்வேன். மதுரை மாவட்டத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்த செய்தி 2024 நவம்பரில் வந்தது. அதே மாதம் 23ஆம் தேதி நடந்த கிராம சபைகளில் அரிட்டாபட்டியும் சுற்றுக் கிராமங்களும் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டப்பேரவையும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது, ஜனவரியில் மக்கள் மதுரைக்கு நடந்தே போனார்கள், 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டுமே அதைச் செய்யவில்லை, உண்மைதான். ஆனால் ஊர் வேண்டாம் என்றதற்கு எழுத்துச் சான்று அதுதான்.

அடுத்த சபைக்குப் போகும்போது பழைய நகலைக் கையில் கொண்டு போங்கள். எழுந்து, தீர்மான எண்ணையும் தேதியையும் படித்து, இதில் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலையும் அன்றைய பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.