ரங்கூன் மாடி வீட்டில் தாய் சி: விடாமல் செய்ய ஒரு வழி

தாய் சி என்பது மெதுவான அசைவுகளால் ஆன சீனப் பயிற்சி. தினமும் ஒரு மணி நேரம் தாய் சி என்று தீர்மானித்தால், கடை, பிள்ளைகள், சமையல் எல்லாம் சேர்ந்து அதை விழுங்கிவிடும். வேலை நாளில் 12 நிமிடம் போதும்: 3 நிமிடம் அசையாமல் நிற்பது, 3 நிமிடம் நடை, மீதி 6 நிமிடம் அசைவுத் தொடர். நீண்ட பயிற்சியை ஞாயிறு காலை கண்டோஜி ஏரிக்கரையில் வைத்துக்கொள்ளலாம்.

கடிகாரத்தை நம்ப வேண்டாம். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்பது தெரியாத ஊரில் ‘ஆறு மணிக்கு’ என்ற திட்டம் நிற்காது. தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றோடு கட்டிவிடுங்கள். விளக்கேற்றியதும், தேநீருக்கு முன்பு என்பது நல்ல இடம். வயிறும் காலியாக இருக்கும். தண்ணீர் மோட்டார் ஓடும் நேரத்தில் செய்வதும் உண்டு, ஆனால் காது தொட்டியிலேயே இருக்கும், மனம் காலுக்கு வராது.

தொடருக்கு, 1956-இல் சீன விளையாட்டு ஆணையம் தாய் சியின் பிரிவுகளில் ஒன்றான யாங் மரபிலிருந்து சுருக்கி வெளியிட்ட 24 அசைவுத் தொகுப்பே வசதி. முழுவதும் செய்ய 5 அல்லது 6 நிமிடம் ஆகும். இது பெரும்பாலும் ஒரே கோட்டில் போய்த் திரும்புவதால், நகர நடுவில் உள்ள 12.5 அடி அகலமும் 50 அடி நீளமும் கொண்ட வீடுகளுக்கு அளவெடுத்தது போலப் பொருந்தும். முதல் ஆறு அசைவுகளுக்குச் சுமார் 16 அடி நீளம் வேண்டும். ‘குதிரைப் பிடரி பிரித்தல்’ என்ற அசைவு மூன்று முறை, ‘முழங்காலைத் தடவித் தள்ளுதல்’ மூன்று முறை என முன்னே போகும் தொடர், ‘குரங்கை விரட்டுதல்’ என்ற அசைவின் நான்கு அடிகளில் பின்வாங்கி, தொடங்கிய இடத்துக்கு அருகே வந்துவிடும். நேரமில்லாத நாளில் இந்த ஆறோடு நிறுத்தினாலும் அது முழுப் பயிற்சிதான்.

பலர் விடுவதற்குச் சோம்பலைவிட முழங்கால் வலிதான் காரணம். எடை முழுவதும் தாங்கும் காலைத் திருகினால் மூட்டு வலிக்காமல் என்ன செய்யும்? ஆகவே முன்னங்காலைத் திருப்பும் முன் எடையைப் பின்னங்காலுக்கு மாற்றுங்கள். முன் பாதத்தின் நுனியை லேசாகத் தூக்கி, குதிகாலை ஊன்றியபடி சுமார் 45 பாகை வெளியே திருப்பிப் பதியுங்கள். பிறகு எடையை அதில் ஏற்றி, பின்னங்காலை அருகே இழுத்து, அடுத்த அடி வையுங்கள். குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும்; எடை அதன் பிறகுதான். முழங்கால் பாதவிரல் நோக்கும் திசையிலேயே மடங்கட்டும், விரல் நுனியைத் தாண்ட வேண்டாம். நின்ற நிலை தாழ்வாக இருப்பது திறமைக்கு அடையாளம் அல்ல. வலித்தால் இரண்டு அங்குலம் உயர்ந்து நில்லுங்கள்.

தள்ளாட்டம் வேறு பிரச்சினை. இரண்டு பாதமும் ஒரே கோட்டில் விழுவதால் வருவது. தரையில் டைல்ஸ் இருந்தால் ஒரு நீண்ட இணைப்புக் கோட்டைத் தேர்ந்தெடுத்து, இடப்பாதம் அதற்கு இடப்புறமும் வலப்பாதம் வலப்புறமும் விழும்படி நடந்து பழகுங்கள். இரண்டு குதிகால்களுக்கும் இடையே, அகலவாட்டில், ஒரு சாண் இருக்கட்டும். லுங்கியோடு செய்தால் அடி தானாகக் குறுகிவிடும். மடித்துக் கட்டுங்கள் அல்லது தொளதொளப்பான கால்சட்டை போடுங்கள். மழைக்காலத்தில் டைல்ஸ் வியர்க்கும், வெறுங்கால் வழுக்கும், மெல்லிய ரப்பர் அடிச் செருப்பும் கழன்றுவிடும். தட்டையான துணிக் காலணிதான் சரி.

கற்கும்போது வாரம் ஒரு அசைவு போதும். முந்தையது வீடியோ பார்க்காமல் வந்த பிறகே அடுத்தது. ஆசிரியர் முதுகு காட்டிச் செய்யும் வீடியோவையே தேடுங்கள். முகம் பார்த்துக் கற்றால் இடம் வலம் மாறிப் போகும். மூச்சைக் கணக்குப் போட்டு அடக்கவும் வேண்டாம், இயல்பாக விடுங்கள்.

திஞ்சான் தண்ணீர்த் திருவிழா, விருந்தாளி, காய்ச்சல் என்று விட்டுப்போகும் நாட்கள் வரும். விட்டதை மறுநாள் இரட்டிப்பாக்காதீர்கள், அப்போதுதான் முழங்கால் கெடும். திரும்பும் முதல் நாளில் 3 நிமிடம் நின்று, தொடக்க அசைவை மட்டும் நான்கு முறை செய்யுங்கள். மறுநாள் ஆறு அசைவு, அதற்கடுத்த நாள் வழக்கமான 12 நிமிடம்.