துபாஷி வராத 40 நாட்கள்: ரோல்பிளே குழுவில் எழுதாமல் நிற்பவர்களைக் கையாளும் முறை

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் உள்ள நண்பர்கள் சிலர் சேர்ந்து டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலியில் ஒரு ரோல்பிளே சேர்வர் (குழுத்தளம்) நடத்துகிறோம். எங்கள் கதை நிகழும் ஆண்டு 1638. போர்த்துக்கீசர் புளியந்தீவில் 1628இல் கட்டிய கோட்டையை, கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் கைப்பற்றிய ஆண்டு அது. கப்பித்தான், வன்னியனார், போடியார், தோணிக்காரன், துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) என்று ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு அதன் குரலில் ஒரு பத்தி எழுதுவார்கள். அதற்கு மற்றவர் பதில் எழுதக் கதை நகரும்.

கடந்த பெரும்போக காலத்தில் அந்தக் கதை நின்றுபோனது. கண்டித் தூதரும் ஒல்லாந்தத் தளபதியும் ஒரு கூடாரத்தில் முதன்முறையாகச் சந்திக்கிறார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது என்பதால், துபாஷி வாய் திறந்தால்தான் அடுத்த வரி. துபாஷியை எடுத்திருந்தவரோ எழுதவில்லை. தூதர் நீட்டிய வெற்றிலைத் தட்டு 40 நாட்களும் நீட்டியபடியே இருந்தது. கூடாரத்துக்குள் நின்ற எட்டுப் பேரில் மூவர் சலித்துப்போய் அவர்களும் எழுதுவதை விட்டுவிட்டார்கள். அதன்பிறகு நாங்கள் தட்டுத்தடுமாறி அமைத்துக்கொண்ட முறையைத்தான், புதிதாகக் குழு நடத்தத் தொடங்குபவர்களுக்காகப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். எங்கள் ஊரில் 'காணாமற்போனவர்கள்' என்ற சொல்லுக்கு வேறொரு கனம் இருப்பதால், அதை இதற்குப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை. 'எழுதாமல் நிற்பவர்கள்' என்றே குறிப்பிடுகிறேன்.

படி 1: எதை எண்ணப்போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள்

பெயருக்கருகில் தெரியும் பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள். நாள் முழுவதும் பச்சையாக இருந்துகொண்டு ஒரு வரியும் எழுதாதவர் உண்டு; தம்மை மறைத்து வைத்துக்கொண்டு இரவு 11 மணிக்கு வந்து இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் போகிறவரும் உண்டு. கதைக்கு வெளியே அரட்டைச் சனலில் மீம் போடுவதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். எண்ண வேண்டியது ஒன்றே ஒன்று: கதைக்குள் அவருடைய பாத்திரம் கடைசியாகப் பேசிய திகதி.

எத்தனை நாள் பொறுப்பது என்பது கதையின் வேகத்தைப் பொறுத்தது. ஒரு நாளில் பத்துப் பதிவு விழும் குழுவுக்கு ஒரு வாரமே நீண்ட காலம்; வாரத்துக்கு ஒரு நீண்ட பத்தி எழுதும் குழுவுக்கு ஒரு மாதமும் கூடுதலல்ல. நாங்கள் இரண்டு எல்லைகள் வைத்திருக்கிறோம். மற்றவர்கள் காத்திருக்கும் காட்சியில் நிற்கும் பாத்திரத்துக்கு 10 நாட்கள். யாரும் காத்திருக்காத பாத்திரத்துக்கு 30 நாட்கள். எந்த எண்ணை வைத்தாலும் விதிகள் சனலில் எழுதி, சேரும்போதே வாசிக்க வையுங்கள். பிறகு சொல்லும் விதி, யாரோ ஒருவரைக் குறிவைத்துச் சொன்னதாகவே படும்.

படி 2: ஒரு பதிவேடு வையுங்கள்

கூகுள் ஷீட்ஸில் ஆறு நிரல்கள் போதும்: உறுப்பினர் பெயர், பாத்திரம், இப்போது நிற்கும் காட்சி, கடைசிப் பதிவின் திகதி, விடுப்பு முடியும் திகதி, குறிப்பு. இன்றைய திகதியிலிருந்து கடைசிப் பதிவின் திகதியைக் கழிக்கும் சூத்திரத்தை ஏழாவது நிரலில் போட்டு, விடை 10ஐத் தாண்டினால் மஞ்சளாகவும் 30ஐத் தாண்டினால் சிவப்பாகவும் மாறும்படி நிறம் கொடுத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. டிஸ்கோர்டின் தேடல் பெட்டியில் ஒருவருடைய பெயரைக் கொடுத்து அவர் எழுதியவற்றைத் தேடலாம். ஆனால் டப்பர்பொக்ஸ் போன்ற பொட் (தானியங்கிக் கருவி) மூலம் பாத்திரத்தின் பெயரிலும் படத்திலும் எழுதுகிறவர்களின் பதிவுகள் அவர்களுடைய சொந்தக் கணக்கின் பெயரில் நிற்பதில்லை. அந்தப் பதிவுகளை வெப்ஹுக் என்ற இணைப்பு வழியாகப் பொட்டே மீண்டும் போடுகிறது. ஆகவே பெயரை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு "இவர் மூன்று மாதமாக எழுதவில்லை" என்று முடிவு கட்டினால், தினமும் எழுதிக்கொண்டிருப்பவரிடம் போய் விளக்கம் கேட்ட கதையாகிவிடும். நான் அப்படிக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன். காட்சிச் சனல்களைத் திறந்து, கீழிருந்து மேலாகக் கண்ணால் பார்ப்பதே பிழையில்லாத வழி.

படி 3: விடுப்புச் சொல்வதை எளிதாக்குங்கள்

எங்கள் துபாஷி எங்கே போயிருந்தார் தெரியுமா? வேளாண்மை வெட்டுக்கு. வட்டைக்குள், அதாவது வயல்வெளியில், வாடியில் தங்கி, சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்த இடத்தில் நாட்களைக் கழித்திருக்கிறார். சொல்லிவிட்டுப் போகக்கூடாது என்று அவர் நினைக்கவில்லை. எங்கே சொல்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தப் பிழை நடத்திய எங்களுடையது.

'விடுப்பு' என்று ஒரு சனல் திறந்து, மூன்றே கேள்விகள் கொண்ட மாதிரியை மேலே பின் செய்து வையுங்கள்: எப்போது வரை? எந்தப் பாத்திரம்? நீங்கள் இல்லாதபோது அந்தப் பாத்திரத்தை யாராவது நகர்த்தலாமா? காரணம் கேட்க வேண்டாம். வீட்டில் சுகயீனம், பணக் கஷ்டம் என்று பொதுவில் எழுத விரும்பாதவர்கள் காரணம் கேட்டால் விடுப்பே சொல்லமாட்டார்கள். விடுப்பில் இருப்பவருக்கு 'விடுப்பில்' என்ற ரோல் (பெயரோடு சேர்க்கும் அடையாளக் குறி) ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். அதன் பயன் ஏழாவது படியில் தெரியும்.

இதோடு நடத்துபவர்கள் ஊர்க் காலண்டரையும் பார்க்க வேண்டும். பெரும்போக வெட்டு, உயர்தரப் பரீட்சை, நோன்பு மாதம், வைகாசிக் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கமும் திருக்கோவிலும், கார்த்திகை மார்கழி வெள்ளம் ஆகியவை வரும்போது பாதிக் குழு தானாகவே ஓய்ந்துவிடும். அப்படிப்பட்ட வாரங்களில் நாட்கணக்கையே நிறுத்திவைக்கிறோம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். அன்று 10 நாள் விதியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் சேர்வரில் நிர்வாகிகள்கூட மிஞ்சியிருக்கமாட்டார்கள். கட்டாரில் வேலை செய்யும் உறுப்பினருக்கு நமது இரவு 10 மணி என்பது மாலை 7.30 என்பதையும், அவர் அப்போதுதான் வேலை விட்டு வந்திருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: தனியே கேளுங்கள்

மஞ்சள் நிறம் விழுந்த அன்று ஒரு தனிச்செய்தி அனுப்ப வேண்டும். பொதுச் சனலில் பெயரைப் போட்டுக் கேட்டால் வெட்கப்பட்டு விலகுகிறவர்களே அதிகம். செய்தி சுருக்கமாக, பேசும் தமிழில், பதில் சொல்ல இலகுவாக இருக்கட்டும். நான் ஒருவருக்கு அனுப்பியது இது:

"நானா, சுகமா இருக்கீங்களா? கூடாரத்துக் காட்சியில உங்கட ஆளுக்காக ரெண்டு பேர் காத்திட்டு இருக்காங்க. இந்தக் கிழமை எழுத ஏலுமா, இல்லாட்டி கொஞ்ச நாளைக்கு நான் ஆளை நகர்த்தி வைக்கட்டா? ஒண்டு எண்டா நீங்க, ரெண்டு எண்டா நான். நம்பர் மட்டும் போட்டாலும் காணும்."

இரண்டு என்று ஒற்றை எழுத்தில் பதில் வந்தது. "ஏன் எழுதவில்லை?" என்று கேட்டிருந்தால் அதுவும் வந்திருக்காது. ஐந்து நாளில் பதில் இல்லையென்றால் இன்னொரு செய்தி. அதற்கு மேல் துரத்த வேண்டாம். ஒரே மாதத்தில் ஐந்தாறு பேருக்கு இப்படி எழுத வேண்டி வந்தால், சிக்கல் அவர்களிடம் இல்லை. கதை சலித்துவிட்டது, அல்லது இரண்டு மூன்று பேரே எல்லாக் காட்சிகளையும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது பதிவேட்டை மூடிவிட்டுக் கதையைத் திருத்துங்கள்.

படி 5: ஆளை விட்டுவிட்டுப் பாத்திரத்தை விடுவியுங்கள்

முழு வேலையும் இந்தப் படியில்தான் இருக்கிறது. ஓர் உறுப்பினர் எழுதாமல் இருப்பதால் குழுவுக்கு எந்த நட்டமும் இல்லை. அவர் கையில் ஒரு பாத்திரம் பூட்டிக் கிடப்பதுதான் நட்டம். இதை எங்கள் ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் எப்போதோ அறிந்து வைத்திருக்கிறார்கள். கூத்துக்குச் சட்டம் (ஆட வேண்டிய பாத்திரத்தின் பாட்டும் வசனமும்) கொடுத்தபின் ஒரு கூத்தர் களரிக்கு, அதாவது ஆடுகளத்துக்கு, வராமல் விட்டால், அண்ணாவியார் அவரை ஊரைவிட்டு விலக்குவதில்லை. பழக்கம் நின்றுபோகக் கூடாது என்பதற்காக அந்தச் சட்டத்தை இன்னொருவரிடம் கொடுத்து ஆட வைப்பார். முன்னவர் அரங்கேற்றத்துக்கு வந்து முன்வரிசையில் இருந்து பார்ப்பார்.

இதை மூன்று நிலைகளில் செய்கிறோம். முதலாவது, கைமாற்று. ஒரு நிர்வாகி அந்தப் பாத்திரத்தை அந்தக் காட்சி முடியும்வரை மட்டும், தேவைப்படும் குறைந்த அளவுக்கு நகர்த்துவார். துபாஷி மொழிபெயர்ப்பார், சொந்தக் கருத்துச் சொல்லமாட்டார், காதலிக்கமாட்டார், காட்டிக்கொடுக்கமாட்டார். இரண்டாவது, வழியனுப்புதல். காட்சி முடிந்ததும் பாத்திரத்தைக் கதைக்குள்ளேயே ஒரு நியாயமான காரணத்தோடு வெளியே அனுப்பிவைப்பது: துபாஷிக்குக் காய்ச்சல் கண்டு கொக்கட்டிச்சோலையில் உறவினர் வீட்டில் படுத்திருக்கிறார் என்று இரண்டு வரி எழுதினால் போதும். திரும்பி வரும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதால் பாத்திரத்தை ஒருபோதும் கொல்லக்கூடாது. எரிச்சலில் ஒரு பாத்திரத்தை முதலைக்கு இரையாக்கிய நிர்வாகி ஒருவர் எங்களிடம் இருந்தார். உரியவர் இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டார்.

மூன்றாவது நிலைதான் மறுகையளிப்பு. இதில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைக் கப்பித்தான், கண்டித் தூதர் போன்றவை கதைக்கு இன்றியமையாத பதவிகள். அவை குழுவுக்குச் சொந்தம், 30 நாட்களின் பின் வேறொருவருக்குக் கொடுக்கலாம். ஆனால் ஒருவர் பெயரும் குணமும் முன்கதையும் தாமே எழுதி உருவாக்கிய பாத்திரம் அவருக்கே சொந்தம். அதை வேறொருவரிடம் கொடுக்கக்கூடாது. எங்கள் துபாஷி இரண்டுக்கும் இடையில் நின்றார்: பதவி எங்களுடையது, ஆளை உருவாக்கியவர் அவர். ஆகவே பழைய துபாஷியைக் காய்ச்சலோடு கொக்கட்டிச்சோலையிலேயே விட்டுவிட்டு, புதிய பெயரில் புதிய துபாஷி ஒருத்தியைக் கூடாரத்துக்குள் அழைத்து வந்தோம். அவள் பேசிய முதல் வரியோடு வெற்றிலைத் தட்டுக் கை மாறியது.

படி 6: இடாப்புக் கூப்பிடுங்கள்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பொது அறிவித்தல் போட்டு, தொடர்ந்து இருக்க விரும்புகிறவர்களை ஏழு நாளுக்குள் ஓர் இமோஜி இடச் சொல்லுங்கள். பள்ளிக்கூட இடாப்புப் போலத்தான். இதற்கு மேல் இதில் பெரிதாக ஒன்றுமில்லை. இமோஜி போட்டவர் எழுதுவார் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். "ஐயா, வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கில் தூங்கியவர்கள்தானே நாமும்.

படி 7: நீக்குவதென்றால்

உண்மையில் நீக்க வேண்டியவர்கள் மிகச் சிலரே: அழைப்பு இணைப்பு வழியாக வந்து, விதியையும் வாசிக்காமல், ஒரு பாத்திரமும் எடுக்காமல் போன கணக்குகள். டிஸ்கோர்டில் இதற்காக, நீண்ட நாள் வராதவர்களை மொத்தமாக நீக்கும் புரூன் என்ற வசதி உண்டு. கணினியில் சேர்வர் செட்டிங்ஸ் சென்று, உறுப்பினர் பட்டியலைத் திறந்தால் அது கிடைக்கும். 7 நாள், 30 நாள் என்ற தெரிவுகளில் 30ஐயே எடுங்கள். எத்தனை பேர் நீங்குவார்கள் என்ற எண்ணை அது முன்கூட்டியே காட்டும். அந்த எண் நீங்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தால் அழுத்தாமல் வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டு விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும். புரூன் கணக்கிடுவது ஒருவர் எத்தனை நாளாகத் தென்படவில்லை என்பதை; கதையில் எழுதினாரா என்பதை அது அறியாது. அடுத்தது, வேறாகக் குறிப்பிடாதவரை, ஏதாவது ஒரு ரோல் வைத்திருக்கும் ஆளை அது தொடாது. பாத்திரம் ஏற்றவர்களுக்கும், மூன்றாம் படியில் சொன்னபடி விடுப்பில் இருப்பவர்களுக்கும், எழுதாமல் வாசிக்க மட்டும் வருகிறவர்களுக்கும் ஒவ்வொரு ரோல் கொடுத்து வைத்திருந்தால் எல்லோரும் தப்பிவிடுவார்கள். வாசிக்க மட்டும் வருகிறவர்களை நீக்க வேண்டும் என்று சில குழுக்களில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. களரியைச் சுற்றி ஆட்கள் இல்லாத கூத்தை யார் ஆடுவார்கள்?

நீக்கப்பட்டவர் புதிய அழைப்பில் திரும்ப வரலாம். இது தடை அல்ல. ஆனால் அவருடைய பழைய ரோல்கள் தானாகத் திரும்புவதில்லை என்பதால், அழுத்துமுன் பதிவேட்டை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: திரும்பி வருகிறவருக்கு

திரும்பி வருகிறவர் முதலில் தேடுவது, தாம் இல்லாதபோது என்ன நடந்தது என்பதைத்தான். 400 பதிவுகளை வாசிக்கச் சொல்லாதீர்கள். காட்சிக்கு ஐந்து வரி வீதம் ஒரு சுருக்கம் வைத்திருந்து அதைக் கொடுங்கள். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால் பேச்சை மாற்றி, எந்தக் காட்சியில் இறங்கலாம் என்று கேளுங்கள்.

எங்கள் துபாஷி சித்திரைக்குப் பின் வந்தார். புதியவள் கூடாரத்தில் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பதை வாசித்துவிட்டு, அவளை அப்படியே விடச் சொன்னார். கொக்கட்டிச்சோலையில் காய்ச்சல் தெளிந்து எழுந்த தமது பழைய ஆளை வாவிக் கரைக்கு நடக்கவைத்து, அங்கே தோணிக்காரனோடு கூலி பேசும் காட்சியொன்றைத் தொடங்கினார். அதே இரவில் 'விடுப்பு' சனலிலும் ஒரு குறிப்பு இருந்தது: சிறுபோக வெட்டுக்கு மூன்று கிழமை, பாத்திரம் துபாஷி, ஆளைத் தோணியிலேயே வைத்திருக்கவும்.