அடம் என்று பெயர் வைப்பதற்கு முன்

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். கூப்பிட்டால் திரும்பமாட்டான். சொன்ன வேலையைப் பாதியில் விடுவான். டிவியை அலறவிடுவான், வகுப்பில் பக்கத்துப் பையனைச் சீண்டுவான். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்றார் அப்பா. கவனமே இல்லை என்றார் டீச்சர். பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். கடைசியில் காது மருத்துவர் பார்த்தபோது செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது.

அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு இது சாதாரணமாக வருவதுதான். பெரும்பாலும் வலி இருக்காது. கேட்கும் திறன் மட்டும் கூடிக் குறையும். இந்த ஏற்ற இறக்கம்தான் வீட்டாரை ஏமாற்றுகிறது. "ஐஸ்கிரீம் என்றால் மட்டும் காது கேட்கிறதே!" என்பார்கள். அது எதிரில் நின்று, உதடு தெரியச் சொன்ன சொல் என்பது யாருக்கும் தோன்றாது.

பெற்றோர் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்கே தருவேன். நடத்தையில் கோளாறு என்றவுடன் வளர்ப்பைச் சந்தேகிக்கிறோம், புத்தியைச் சந்தேகிக்கிறோம், உடம்பை மறந்துவிடுகிறோம். வாயைத் திறந்து குறட்டை விடும் குழந்தையைப் பார்த்து "அசந்து தூங்குகிறான்" என்று மகிழ்கிறோம். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வீங்கி மூச்சை அடைப்பதால் அவன் இரவெல்லாம் அரைத் தூக்கத்தில் இருக்கலாம். தூக்கம் கெட்டால் பெரியவர்கள் சோர்ந்து உட்காருவோம்; குழந்தைகளோ துள்ளுவார்கள், எரிந்து விழுவார்கள். 6 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். டியூஷன் முடிந்து பத்தரைக்குப் படுத்து, பள்ளி வேனுக்காக ஐந்தரைக்கு எழும் பிள்ளைக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இரவில் ஆசனவாயில் அரிப்பைத் தரும் கீரிப்பூச்சியும் தூக்கத்தைக் கெடுக்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் எரிச்சலும் கவனச் சிதறலும் வரும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. வகுப்பில் சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, எதுவும் நடவாததுபோல் எழுதத் தொடங்கும் சிறுமி பகல் கனவு காண்கிறாள் என்றே முடிவு கட்டிவிட வேண்டாம். ஒருவகை வலிப்பு அப்படியும் வரும்.

இப்போதெல்லாம் எல்லாப் பழியும் செல்போன் தலையில் விழுகிறது. அதற்குப் பங்கில்லை என்று சொல்லவில்லை. படுக்கைக்கு வரும் போன் தூக்கத்தைத் தின்கிறது. ஆனால் வாசிக்கத் திணறும் பிள்ளையும், விளையாட்டில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளையும் போனுக்குள் ஒளிந்துகொள்வது உண்டு. போனைப் பிடுங்கினால் ஒளியும் இடம் போகும், ஒளிய வைத்த காரணம் அப்படியே இருக்கும். இனிப்பு தின்றதால் ஆட்டம் போடுகிறான் என்பதும் இதே ரகம். யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் போலி இனிப்பு என்பதை மறைத்துச் செய்த சோதனைகளை 1995இல் தொகுத்துப் பார்த்தபோது, சர்க்கரை நடத்தையை மாற்றியதாகத் தெரியவில்லை. கல்யாண வீட்டில் லட்டோடு கூட்டம், மேளம், தள்ளிப்போன தூக்கம் எல்லாமும்தான் சேர்ந்து வருகின்றன.

"ஏன் இப்படிச் செய்தாய்?" என்று குழந்தையையே கேட்பது இன்னொரு வீண் வேலை. ஆறு வயதில் அதற்குப் பதில் தெரியாது. நாம் விரும்பும் பதிலை ஊகித்துச் சொல்லும், அல்லது "தெரியாது" என்று சொல்லித் திட்டு வாங்கும். எப்போது, எங்கே, யார் இருக்கும்போது, சற்று முன் என்ன நடந்தது, பின்னால் என்ன கிடைத்தது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுவலியும், உரக்க வாசிக்கச் சொல்லும்போது மட்டும் வரும் சேட்டையும் அந்த நோட்டில் தானாகவே தெரியும். ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் கொண்ட கோளாறு என்று சொல்வதற்கே அறிகுறிகள் 12 வயதுக்குள் தொடங்கி, வீடு, பள்ளி எனக் குறைந்தது இரண்டு இடங்களில், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். ஒரே ஒரு வகுப்பில் மட்டும் ஆடும் பிள்ளை என்றால், முதலில் அந்த வகுப்பைப் பாருங்கள்.

தொந்தரவு தராத பிள்ளைக்குத் தொந்தரவே இல்லை என்று நினைப்பதும் ஆபத்து. குழந்தைகளின் மனச்சோர்வு அழுகையாக வராமல் சிடுசிடுப்பாக வரலாம். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மாறினால், குறிப்பிட்ட ஓர் ஆளிடம் போக மறுத்தால், குறுக்கு விசாரணை செய்யாமல் பக்கத்தில் உட்காருங்கள், சொன்னதை நம்புங்கள். 1098 என்ற இலவசக் குழந்தைகள் உதவி எண் இதற்காகவே இருக்கிறது.

அம்மாவின் மீது பழி போடுவது பழைய வழக்கம். பாசமற்ற தாய்மாரால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மேலை நாட்டு நிபுணர்களே ஒரு காலத்தில் எழுதினார்கள். 1977இல் வந்த இரட்டையர் ஆய்வு மரபணுவின் பங்கைக் காட்டிய பின்னும் அந்தப் பேச்சு சாகவில்லை. நம்மூரில் அது "வேலைக்குப் போகிற அம்மா" என்று வேடம் மாற்றி உலவுகிறது.

நோய்க்குப் பெயர் கிடைத்த பிறகும் ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. எதைச் செய்தாலும் அந்தப் பெயரின் கணக்கில் எழுதிவிடுவது. பேச்சு வராத ஆட்டிசக் குழந்தை ஒன்று திடீரென்று கன்னத்தில் அறைந்துகொள்ளத் தொடங்கினால், தெரப்பியைக் கூட்டுவதற்கு முன்னால் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கடைவாய்ப் பல் சொத்தையாக இருக்கலாம்.